பொக்கட் கொப்பி பழசாகிப் போச்சு என்கிறவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டும் வாசித்தாலும் போதும். ஆனால் திட்டுவதென்றால் தயவுசெய்து முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஆசிரியர் செயலமர்வுகளில் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி கேட்கிறது. நாங்கள் சட்டைப் பொக்கட்டிலிருந்தோ ஹேண்ட்பேக்கிலிருந்தோ சின்னக் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினால், வளவாளர் சிரித்துக்கொண்டே கேட்பார்: "இன்னும் கொப்பியும் பேனையுமா சேர்? எல்லாம் போன்லயே இருக்கே, ஸ்லைட்ட குரூப்ல போடுறன்." பக்கத்தில் இருப்பவர்களும் சிரிப்பார்கள். ஸ்லைட் குரூப்புக்கு வரும். எத்தனை பேர் அதை இரண்டாம் முறை திறந்து பார்த்தோம் என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

இது வெறும் கேலி என்றால் விட்டுவிடலாம். இந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கொள்கை வளர்ந்துவிட்டது. எழுதி வைக்க வேண்டிய எல்லாவற்றுக்கும் போன் போதும், கொப்பி வைத்திருப்பவர் பின்தங்கியவர் என்பதுதான் அந்தக் கொள்கை. அதனால் அடிபடுவது எங்கள் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை. ஆகவே இதை எதிர்த்து எழுதுகிறோம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று வேறு வழியில்லை. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மரத்திலும் மலையிலும் ஏறிய படங்களை நாடே பார்த்தது. அவசரத்துக்குச் செய்ததை அவசரம் முடிந்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பாடசாலை திறந்து வருடங்கள் போன பிறகும், பல வகுப்புகளில் வீட்டுவேலை இரவு எட்டு மணிக்குக் குரூப்பில்தான் வருகிறது.

அந்த எட்டு மணிக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு போன். அது வாப்பாவோடு வயலுக்கோ கடலுக்கோ போயிருக்கும். வாப்பா கட்டாரில் என்றால் போன் உம்மாவிடம் இருக்கும், டேட்டா முடிந்திருக்கும். நாலு பிள்ளைகள் என்றால் நாலு வகுப்புக் குரூப். ஒவ்வொன்றிலும் ஜும்ஆ முபாரக் ஸ்டிக்கர், ஜனாஸா அறிவித்தல், யாரோ தொலைத்த தண்ணீர்ப் போத்தலின் படம், அதற்கு நாற்பது பேரின் கைவிரல் அடையாளம். இவற்றுக்குள் எங்கேயோ "பக்கம் 47, வினா 3 முதல் 6 வரை". அதைத் தேடி எடுக்கக்கூடிய உம்மா கொடுத்து வைத்தவர். வாசிக்கச் சிரமப்படும் உம்மா?

மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை எழுந்து நிற்கிறது. "சேர், போன் வாப்பாட கையில." வகுப்பு சிரிக்கிறது.

பிள்ளை பாடசாலைக்குப் போன் கொண்டுவந்தால் பறிமுதல் செய்கிறோம். வீட்டில் போன் பார்த்தால் கெட்டுப்போகும் என்று பெற்றோர் கூட்டத்தில் அரை மணித்தியாலம் பேசுகிறோம். அதே பிள்ளைக்கு வேலையை அனுப்புவது போனில்! எந்தக் கல்வியியலில் இருக்கிறது இது?

கடைசிப் பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் கரும்பலகையில் இரண்டு வரி எழுதினால், பிள்ளை தன் சின்னக் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டு போகும். சார்ஜ் வேண்டாம், ரீலோட் வேண்டாம், உம்மாவின் தயவும் வேண்டாம். தன் வேலைக்குத் தானே பொறுப்பு என்ற எண்ணம் அந்த இரண்டு வரியை எழுதும்போதுதான் பிள்ளைக்கு வருகிறது. குரூப்பில் வரும் வேலை உம்மாவின் வேலை. பல வீடுகளில் அதைச் செய்வதும் உம்மாதான் என்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம்.

ஆசிரியரின் கொப்பிக்கு வருவோம். முப்பத்தைந்து பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் வாசிப்புச் செய்விக்கும்போது ஒருவர் ணகரத்தையும் னகரத்தையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார். இன்னொருவர் கழித்தலில் கடன் வாங்க மறக்கிறார். ஒருத்தி மூன்று நாளாகச் சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வருவதில்லை. இவற்றை அந்த இடத்திலேயே குறிக்க வேண்டும். பாடம் முடிந்து ஓய்வறைக்குப் போவதற்குள் பாதி மறந்துவிடும். போனை எடுத்தால் முப்பத்தைந்து சோடிக் கண்ணும் போனுக்குத் திரும்பும். சேருக்கு மெசேஜ் வந்திருக்கு என்று பின்வாங்கில் குசுகுசுப்பு வேறு. கையடக்கக் கொப்பியை எடுத்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று சொல் கிறுக்கிவிட்டுப் பாடத்தைத் தொடரலாம்.

கையால் எழுதினால் நன்றாக விளங்கும் என்று 2014இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வை இந்த இடத்தில் எடுத்துக் காட்டுவது வழக்கம். அதை நாங்கள் பெரிதாகத் தூக்கிப் பிடிக்க மாட்டோம். அதே சோதனையைப் பிறகு செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான முடிவு கிடைக்கவில்லை. எங்கள் வாதத்துக்கு அந்த ஆய்வு தேவையும் இல்லை.

தேவையான விஷயம் வேறு. பிள்ளைகள் சில நேரம் வீட்டு விஷயம் சொல்வார்கள். யார் அடிக்கிறார்கள், யார் குடித்துவிட்டு வருகிறார்கள், உம்மா ஏன் அழுகிறார். அதை ஆசிரியர் போனில் பதிந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். "பாவம் பாருங்க" என்று ஓர் ஆசிரியர் குரூப்புக்குப் போகும். அங்கிருந்து ஸ்கிரீன்ஷொட்டாக ஊர்க் குரூப்புக்குப் போகும். பிள்ளை அடுத்த கிழமை பாடசாலைக்கு வராது. தாளில் எழுதியதை ஃபோர்வர்ட் பண்ண முடியாது. கொப்பியை நாலு பேர் முன் விரித்து வைக்க வெட்கம் தடுக்கும். பட்டனை அழுத்த எந்த வெட்கமும் தடுப்பதில்லை. வேலை முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்து எரித்துவிடலாம்.

இனி கடன்.

முன்பு கடைக் காக்காவிடம் ஒரு கொப்பி, வாங்குபவர் வீட்டில் ஒரு கொப்பி. பிள்ளை சீனி வாங்கப் போனால் வீட்டுக் கொப்பியையும் கொண்டுபோகும். இரண்டிலும் எழுதப்படும். மாத முடிவில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இப்போது கடையில் கணக்குப் போனில், வாங்குபவர் கையில் ஒன்றுமில்லை. கிழமைக் கிழமை வீட்டு வாசலுக்கு வரும் நுண்கடன்காரர் விஷயத்தில் இது இன்னும் மோசம். கட்டிய காசை அவர் டெப்பில் தட்டுகிறார். "இன்னும் எவ்வளவு?" என்று கேட்டால் "சிஸ்டத்துல காட்டுறது இவ்வளவு" என்கிறார். எதிர்த்துக் கேட்க அந்தப் பெண்ணிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

குர்ஆனில் மிக நீளமான வசனம் எது? தொழுகை பற்றியதா, நோன்பு பற்றியதா? இல்லை. சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், கடன் எழுதுவது பற்றியது. தவணை குறித்துக் கடன் கொடுத்து வாங்கினால் எழுதச் சொல்கிறது. சிறிதோ பெரிதோ, எழுதச் சலிப்படையாதீர்கள் என்கிறது. கைக்குக் கை முடியும் வியாபாரத்துக்கு மட்டும் எழுதாவிட்டால் குற்றமில்லை என்று விலக்குத் தருகிறது. ஒரு விஷயத்தை நாங்கள் வாசித்துவிட்டு ஏன் கடந்து போகிறோம் என்று விளங்கவில்லை: எழுதப்படும் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் பட்டவர். கொடுத்தவர் அல்ல! அவர் இயலாதவராக இருந்தால் அவருடைய பொறுப்பாளர் நீதியாகச் சொல்ல வேண்டும். பலவீனமான பக்கத்தின் வாயிலிருந்து பதிவு வர வேண்டும் என்று ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்பே சொல்லியாகிவிட்டது. இன்றைக்குப் பதிவு முழுவதும் பலசாலியின் டெப்பில்.

"எல்லாத்துக்கும் மார்க்கத்த இழுக்காதீங்க" என்று ஒருவர் கொமென்ட் போடுவார். இது நாங்கள் இழுத்தது அல்ல. அது ஏற்கனவே அங்கே இருக்கிறது.

ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் குடும்பத்தில் ஒருவர் எழுந்து சொல்வாரே, "மௌத்தானவருக்கு யாரோடயாவது கொடுக்கல் வாங்கல் இருந்தா எங்களோட பேசிக்கொள்ளுங்க" என்று. கடன் எவ்வளவு பாரமான விஷயம் என்பதற்கு, ஷஹீதுக்குக்கூட கடனைத் தவிர மற்றவைதான் மன்னிக்கப்படும் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருவதே போதும். வஸிய்யத்துச் செய்ய ஏதாவது இருப்பவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள்கூடக் கழிக்கக் கூடாது என்று இப்னு உமர் (ரழி) அறிவித்த ஹதீஸும் நமக்குத் தெரிந்ததுதான். சரி, மௌத்தானவரின் கணக்கெல்லாம் எங்கே? அவருடைய போனில். போன் விரல் அடையாளத்தில் பூட்டியிருக்கிறது. மையித்தின் விரலைப் பிடித்து வைத்துத் திறப்பதா? முந்திய தலைமுறைப் பெரியவர்கள் சாரனுக்கு மேல் கட்டும் அகலப் பெல்ட்டின் பைக்குள் ஒரு கொப்பியை மடித்து வைத்திருந்தார்கள். யாருக்கு எவ்வளவு, யாரிடமிருந்து எவ்வளவு என்று அதில் இருந்தது. மகன் அதைப் பார்த்துக் கொடுத்து முடித்தார்.

எழுதி வைப்பது எங்கள் ஸமூகத்துக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் அல்ல. ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி), நபியவர்களிடம் அனுமதி பெற்று, கேட்டதை எழுதி வைத்தார். அந்த ஏட்டை அஸ்ஸஹீபா அஸ்ஸாதிக்கா என்று அழைத்தார்கள். அபூஹுரைரா (ரழி) அவர்களின் மாணவர் ஹம்மாம் இப்னு முனப்பிஹ் எழுதிய சிறிய ஏடு இன்றும் அச்சில் கிடைக்கிறது. பெரிய கிதாபுகள் வருவதற்கு முன்னால் இந்தச் சின்ன ஏடுகள் இருந்தன.

எங்கள் உம்மம்மாமாரும் எழுதினார்கள். பாடசாலை வாசல் மிதிக்காத பெண்கள் ஓதற்பள்ளியில் படித்த எழுத்தை வைத்து அரபுத்தமிழில் எழுதினார்கள். பிள்ளை பிறந்த பிறையும் நேரமும், காய்ச்சலுக்குக் கைமருந்து, சீட்டுக் காசு, ஒரு முனாஜாத்து. எழுத்து அரபு, பேச்சு தமிழ். 2019 ஏப்ரலுக்குப் பிறகு சோதனைகள் நடந்த நாட்களில் அரபு எழுத்துள்ள எல்லாவற்றுக்கும் பயம் பிடித்தது. சிலர் எரித்தார்கள், சிலர் புதைத்தார்கள். மல்லி, சீரகம் என்று எழுதிய ஒரு மருந்துக் குறிப்பை, வாசலில் துப்பாக்கியோடு நிற்பவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அந்தக் கொப்பிகள் போனது போனதுதான். அந்த இழப்பைப் பற்றி நாங்கள் போதிய அளவு பேசவில்லை. அது தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம்.

மறுபக்க வாதம் எங்களுக்குத் தெரியும். தாள் நனையும், கறையான் அரிக்கும், தொலையும். உண்மை. 2004 டிசம்பர் 26 அன்று மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடல் கொண்டுபோன கொப்பிகள் எத்தனையோ. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களுக்குக் கொப்பி எடுக்கவா நேரம் கொடுத்தார்கள்? காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு எல்லாவற்றையும் படம் பிடித்து போனிலும் இணையத்திலும் வையுங்கள். அதற்கு நாங்கள் எதிரில்லை. பொக்கட் கொப்பி ஆவணக் காப்பகம் அல்ல, இன்றைக்கும் நாளைக்குமானது. அந்த இன்றைக்கும் நாளைக்கும் விஷயத்தில் போன் எத்தனை தடவை எங்களைக் கைவிட்டது? 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது, 2019 ஏப்ரலில், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி என்று பல தடவை வாட்ஸ்அப்பும் முகநூலும் அரசாங்கத்தால் தடுக்கப்பட்டன. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். அதே மாதம் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டதையும் சொல்லத்தான் வேண்டும். தாளும் வானத்திலிருந்து விழுவதில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. தோல் அட்டை போட்ட வெளிநாட்டுக் கொப்பியை கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் போடுபவர்கள். மொல்ஸ்கின் என்ற பெயரில் 1997இலிருந்து இத்தாலியர்கள் விற்கும் கொப்பிக்கு ஹெமிங்வேயின் பெயரைச் சொல்லி விலை வைக்கிறார்கள். வாங்க வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். அழுக்காகிவிடும் என்று எழுதப் பயப்படும் கொப்பியால் பிரயோசனமில்லை என்பதுதான் எங்கள் எண்ணம்.

கடைசியாக விலை. 2022க்குப் பிறகு கொப்பி விலை ஏறிய ஏற்றத்தைப் பெற்றோரிடம் யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பாடநூல் இலவசம், சீருடைத் துணி இலவசம், கொப்பி இலவசமில்லை. ஆகவே புதிய கொப்பி வாங்கச் சொல்லவில்லை. வருட முடிவில் ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியிலும் பின்னால் எழுதாத தாள் மிஞ்சும். அவற்றைக் கழற்றி, இரண்டாக வெட்டி, மடித்து, பழைய கலண்டர் மட்டையை அட்டையாக வைத்தால் சட்டைப் பொக்கட்டுக்கு அளவாக ஒரு கொப்பி வரும். ஒரு பாடவேளையில் வகுப்பே செய்து முடிக்கும். அடுத்த தவணையிலிருந்து எங்கள் வகுப்புகளில் வீட்டுவேலை அதில்தான். குரூப் விடுமுறை அறிவித்தலுக்கும் அவசரத்துக்கும் மட்டும். ஐந்து நிமிடம் வீண் என்று சொல்லும் அதிபர்மார் காலைக்கூட்டத்தில் ஒரு பேச்சைக் குறைத்தால் கணக்குச் சரியாகிவிடும்.

தைப்பதற்கு ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். வியர்வையில் கம்பி துருப்பிடித்து வெள்ளைச் சட்டையில் கறை விழும், உம்மாமார் ஏசுவார்கள். ஊசியும் தடித்த நூலும் எடுத்து, மடிப்பில் மூன்று ஓட்டை போட்டு, நடு ஓட்டையில் முடிச்சுப் போடுங்கள்.