கேட்பதற்குக் கூச்சம் ஏன், சகோதரிகளே?



வீட்டில் வைத்த குழம்பு லேசாகப் புளித்துப் போனாலே, "ஐயோ, இதைப் பிள்ளைகளுக்கு ஊத்தாதே" என்று எடுத்துக் கொட்டிவிடுகிறவர்கள் நாம். அதே நாம், கடையில் காசு கொடுத்து வாங்கிய பண்டத்தால் வீட்டுப் பிள்ளைக்கு வாந்தி, பேதி என்றால் மட்டும், "எல்லாம் நம்ம நேரம்" என்று வாயை மூடிக்கொள்கிறோம். இது சரிதானா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். என் நாத்தனார் கல்வராயன் மலை மேலே, வெள்ளிமலைப் பக்கம் இருக்கிறாள். போன வருஷம் கோடை விடுமுறையில் அவளைப் பார்க்கப் போகும்போது, "அத்தை, வர்றப்ப ஷவர்மா வாங்கிட்டு வா" என்று அவள் பிள்ளைகள் இரண்டும் போனில் ஆசையாகக் கேட்டதுகள். மலையில் அதெல்லாம் ஏது? கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் நான்கு பொட்டலம் வாங்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறி, வீடு போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் சாப்பிடும்போது ராத்திரி மணி ஒன்பது.

விடிவதற்குள் இரண்டு பேருக்கும் வாந்தி. சின்னவளுக்குக் கை கால் ஜில்லிட்டுப் போய்விட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, பிறகு கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, குளுக்கோஸ் ஏற்றி மூன்று நாளில் சரியானது. அந்த மூன்று நாளும் நான் என் நாத்தனார் முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு போனவள் நான் அல்லவா?

நான்காம் நாள் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கோபப்படவே இல்லை. "எங்க கடையிலதான் வாங்கினீங்கன்னு பில்லு இருக்காம்மா?" என்றார். இல்லை. ரொக்கமாகக் கொடுத்திருந்தேன், பில் கேட்கவில்லை. "மிச்சம் இருக்கா?" இல்லை. வாடை வருகிறதென்று அன்றைக்குக் காலையிலேயே கொட்டியாகிவிட்டது. "எத்தனை மணிக்குச் சாப்பிட்டாங்க?" என்று கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. வாங்கி எத்தனையோ மணி நேரம் கழித்து அல்லவா கொடுத்தேன்? ஐந்நூறு ரூபாயை நீட்டினார். வாங்காமல் திரும்பிவிட்டேன். வீட்டில், "விடு, பிள்ளைங்க பொழைச்சதே பெரிசு. காசுக்கு அலையுறான்னு நாலு பேர் பேசுவாங்க" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் மனசு விடவில்லை. சட்டம் என்னதான் சொல்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டதைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்கிறேன்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-ல் வந்தது. 2011 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 65-ஆவது பிரிவு நமக்காகவே எழுதியது போல இருக்கிறது. விற்ற உணவால் ஒருவர் இறந்தால், விற்றவர் அந்தக் குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உத்தரவிடலாம். கொடுங்காயம் என்றால் 3 லட்சம் வரை. மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை. சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும்; இறப்பு என்றால் 30 நாளில் இடைக்கால நிவாரணம் தர வேண்டும். இழப்பீட்டுக்கு உத்தரவிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமல்ல, தீர்ப்பு அலுவலருக்கும் உண்டு. நம் மாநிலத்தில் மாவட்ட வருவாய் அலுவலர்தான் அந்தப் பொறுப்பில் இருக்கிறார். இவ்வளவு இருந்தும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நம் கள்ளக்குறிச்சி மக்களுக்கு "நிவாரணம்" என்ற வார்த்தை புதிதல்ல. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. நிர்க்கதியாக நின்ற பெண்களுக்கு அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அது அரசு இரக்கப்பட்டு, நம் வரிப்பணத்திலிருந்து கொடுப்பது. 65-ஆவது பிரிவு சொல்வது வேறு. லைசென்ஸ் வாங்கி, போர்டு மாட்டி, லாபம் பார்க்கிறவர், தன் பொருளால் கெடுதல் நேர்ந்தால் தன் கையிலிருந்து எடுத்துக் கொடுப்பது. முன்னது கருணை, பின்னது உரிமை. உரிமையைக் கேட்பதற்குப் பெயர் காசுக்கு அலைவதா?

"நீ வாங்கினே, அவங்க சாப்பிட்டாங்க. நீ எப்படி கேட்பே?" என்று ஒருவர் என்னிடம் வாதம் செய்தார். இதே கேள்வியைச் சந்தித்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஒரு ஏழைப் பெண், மே டொனாஹ்யூ. 1928-ல் அவருடைய தோழி ஒரு கடையில் இஞ்சி பீர் என்கிற பானம் வாங்கித் தந்தார். பாதி குடித்த பிறகு, பாட்டிலிலிருந்து அழுகிய நத்தை விழுந்ததாகவும், அதனால் தனக்கு உடம்பு கெட்டதாகவும் வழக்குப் போட்டார். பணம் கொடுத்தது தோழி; குடித்தது இவர். அதனால் இவருக்கு உரிமை இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடியது. உலகத்தில் ஐந்து பவுன் மதிப்புக்குக்கூடத் தனக்குச் சொத்து இல்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் மேல் முறையீட்டையே நடத்தினார் அந்தப் பெண். 1932-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, சாப்பிடப் போகிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் தயாரிப்பாளருக்குப் பொறுப்பு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டு வக்கீல்களும் இன்றுவரை படிக்கிற தீர்ப்பு அது. நம் நுகர்வோர் சட்டத்திலும், வாங்கியவர் சம்மதத்தோடு அதை உபயோகித்தவரும் நுகர்வோர்தான்.

அடுத்து, "கேட்டு என்ன ஆகப்போகுது?" என்பார்கள். ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1993-ல் 'ஜாக் இன் தி பாக்ஸ்' என்ற ஓட்டல்களில், மாட்டுக் கொத்துக்கறியில் செய்த பர்கர் சரியாக வேகாததால் 700-க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். நான்கு குழந்தைகள் இறந்தன. முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேல்பக்கம்தான் இருக்கும். அடுப்பில் வைத்ததும் செத்துவிடும். கறியைக் கொத்தும்போதோ மேலே இருந்தது உள்ளே கலந்துவிடுகிறது. நடுப்பாகம் வேகாவிட்டால் ஆபத்துதான். பெற்றோர்கள் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார்கள். ஒரு சிறுமிக்கு மட்டும் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது. மறு வருஷமே, அந்த ஈ.கோலி கிருமி இருக்கும் கொத்துக்கறியைக் கலப்படப் பொருளாக அந்த நாட்டு அரசு அறிவித்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கேட்ட கேள்வி, மற்றவர் பிள்ளைகளுக்குக் காவலானது.

ஷவர்மாவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். கம்பியில் அடுக்கிய கறி வெளிப்பக்கம் சிவந்திருக்கும், உள்பக்கம் பச்சையாக இருக்கும். கூட்டம் அதிகமானால் வேகும் முன்பே சீவி எடுத்துவிடுகிறார்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸ் வேறு. அதைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்ததே, ஏன்? 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். 40-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அதற்கு முன் 2022 மே மாதம் கேரளாவில் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் 16 வயது மாணவி ஒருத்தி இறந்தாள். அவளுடைய தாய் அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தயாரித்த தேதியும் நேரமும் பொட்டலத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொல்லி, 2024-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது. நான் மலைக்குக் கொண்டுபோன பொட்டலத்தில் அப்படி ஒரு நேரம் எழுதியிருந்தால், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் நானே யோசித்திருப்பேன். கெடுதல் கடையில் நடந்ததா, பஸ்ஸில் நடந்ததா என்ற கேள்வியும் எழுந்திருக்காது. என் பக்கத்துத் தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். சமைத்த அசைவத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே சகோதரிகளே, வழக்கு கோர்ட்டில் தோற்பதற்கு முன்னால் நம் சமையலறையிலேயே தோற்றுவிடுகிறது. சாட்சியைக் கொட்டிக் கழுவி விடுவது நாம்தான். இனி இப்படிச் செய்வோம்.

வெளியில் வாங்கினால் பில் கேட்போம். போனில் பணம் கட்டினால் அந்தப் பதிவும் ஆதாரம்தான். கடையில் மாட்டியிருக்கும் 14 இலக்க உரிம எண்ணைக் குறித்துக்கொள்வோம். உடம்புக்கு வந்தால் மிச்சத்தைக் கொட்டாமல் மூடி, பிரிட்ஜில் வைப்போம். டாக்டரிடம் எங்கே, என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்வோம். மலப் பரிசோதனை தேவையா என்றும் கேட்போம். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் கேஸ் நிற்கும். சில கிருமிகள் இரண்டு மூன்று நாள் கழித்தும் வேலையைக் காட்டும் என்பதால், முந்தின நாட்களில் சாப்பிட்டதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முக்கியமாக, அன்றைக்கே புகார் செய்ய வேண்டும். நாம் வீட்டிலிருந்து எடுத்துப்போகும் மிச்சம் மட்டும் போதாது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்கே போய் முறைப்படி மாதிரி எடுத்தால்தான் வலு. நாமே பரிசோதனைக்குக் கொடுக்க நினைத்தால், வாங்கும்போதே அதைக் கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். நான்காம் நாள் போனால், என்னைப் போல, கழுவித் துடைத்த கடையைத்தான் பார்ப்பீர்கள். மாநில உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற எண்ணில் வாட்ஸ் அப்பில் புகார் அனுப்பலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனுப் போடலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், ஆனால் மலையிலிருந்து ஒரு பெண் இதையெல்லாம் எப்படிச் செய்வாள் என்ற கேள்வி எனக்கும் உண்டு. ஒரு நாள் கீழே இறங்கி வந்தால் அவளுக்கு அன்றைய கூலி போச்சு. அதனால் அரசை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உணவு நஞ்சாகி ஒரு குழந்தை சேர்க்கப்பட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் போகட்டும். டாக்டர்கள் இப்படித் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு போட அந்தச் சட்டத்தின் 35-ஆவது பிரிவிலேயே இடமிருக்கிறது. நம் மாநிலத்துப் பொட்டலங்களிலும் தேதியோடு தயாரித்த நேரம் இருக்கட்டும். 65-ஆவது பிரிவைப் பற்றி மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் ஒரு நாள் சொல்லிக் கொடுக்கட்டும்.

ஓட்டல்காரர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வயிறார நல்ல சோறு போடுகிறவர்கள் எத்தனையோ பேர். கேள்வி கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில் நடத்துகிறவர்களால் அவர்களுக்கும்தான் கெட்ட பெயர்.

அன்று அந்த ஐந்நூறு ரூபாயை வாங்காமல் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அதோடு விட்டுவிட்டு வந்தேனே, அதுதான் வருத்தம். நான் விட்டதால் அடுத்து எந்தப் பிள்ளை அங்கே சாப்பிட்டதோ, தெரியாது. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று நேரவே வேண்டாம். நேர்ந்துவிட்டால், "எல்லாம் நேரம்" என்று சொல்லி ஒதுங்கிவிடாதீர்கள். பில்லைத் தேடி எடுங்கள், போனைக் கையில் எடுங்கள். செய்வீர்களா சகோதரிகளே?

— ஒரு வாசகி,
கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி மாவட்டம்.