தாழ்த்தினால் தாழ்ந்து போகுமா கார்?

பழைய அமெரிக்கக் கார் ஒன்றின் கூரையை வெட்டி, காற்றுப் பை சஸ்பென்ஷன் பொருத்தி, தரையோடு தரையாக இறக்கினால் போதும். 'அசல்' பக்தர்களுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். கம்பெனி முடுக்கிய திருகாணியைக்கூடத் தொடக்கூடாதாம். தொட்டால் சரித்திரக் கொலையாம்!

இந்தச் சரித்திர ஜல்லியை முதலில் பார்ப்போம். 1952-ல் கலிஃபோர்னியாவில் பாப் ஹிரோஹாட்டா என்ற இளைஞர் தன் 1951 மாடல் மெர்க்குரியை ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் விட்டார். கூரையை முன்பக்கம் 4 அங்குலம், பின்பக்கம் 7 அங்குலம் இறக்கினார்கள். நடுத்தூணையே தூக்கிவிட்டார்கள். 'கெட்டுப்போன' அந்தக் கார் பின்னாளில் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஏறியது. 2022 ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கு மேல் போனது. சரித்திரத்தைக் கொன்றது யார், படைத்தது யார்?

அடுத்த பாட்டு, "காற்று சஸ்பென்ஷன் நேற்று வந்த கோமாளித்தனம்." அப்படியா? 1957 காடிலாக் எல்டொராடோ புரோஹமில் கம்பெனியே அதைப் பொருத்தி விற்றது. 1958 ஷெவர்லேயில் கூடுதல் காசுக்குக் கிடைத்தது. காற்று கசிந்து மானம் போனதால் கைவிட்டார்கள். அன்று கம்பெனி கோட்டைவிட்டதை இன்று பட்டறைக்காரன் சாதிக்கிறான். அது குற்றமா?

"ஆபத்து" என்பது மூன்றாவது. சுருள் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்குவது ஆபத்துதான், சந்தேகமில்லை. மேடு பள்ளத்தில் அடிச்சட்டம் இடிக்கும். காற்றுப் பையில் அந்தத் தலைவலி இல்லை. கம்ப்ரசர் தொட்டியை நிரப்பும், வால்வு திறந்தால் பை உப்பும், வண்டி எழும். நிறுத்தும்போது படுக்கவைக்கலாம், ஓட்டும்போது தூக்கிக்கொள்ளலாம். ஒழுங்காகச் செய்கிறவன் அச்சு ஏறி இறங்க அடிச்சட்டத்தில் இடம் வெட்டி, அங்கே வலுவும் கூட்டுவான்.

உண்மையான எரிச்சல் வேறு. புதுக் கார் வாங்க வக்கில்லாத மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள், பழைய ஷெவர்லேயின் டிக்கியில் மணல் மூட்டை போட்டு இறக்கி, லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் நிதானமாக உலா வந்தார்கள். அது உறுத்தியது. சக்கர ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் வரும்படி மாற்றக்கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டது. 1959-ல் ரான் அகிரே தன் கார்வெட்டில் விமான ஹைட்ராலிக் பாகங்களைப் பொருத்தினார். போலீஸ் வந்தால் வண்டி உயரும், போனால் படுக்கும்! அந்த விதியை நீக்கும் சட்டம் 2023-ல்தான் கையெழுத்தானது. 2024 ஜனவரி 1 முதல் தடை இல்லை. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, ஒரு கார் குனிந்து நிற்க!

விரல் விட்டு எண்ணும் அளவே மிஞ்சிய காரை வெட்டாதே என்றால் நியாயம். ஆனால் லட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளிய இம்பாலாவுக்கும் அதே ஒப்பாரியா? அவற்றில் எத்தனையோ துருப்பிடித்துக் காயலான் கடைக்குப் போனபோது இந்தப் பக்தர்கள் எங்கே போயிருந்தார்கள்? அன்று அவற்றை விலை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன்தான் இன்று வெட்டுகிறான். அவனுக்கு உரிமை உண்டு.