மெத்தனாலைக் காட்டிக்கொடுக்கும் கருவி எங்கே இருக்க வேண்டும்?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு ஆயுள் தண்டனை வந்தது. வழக்கு சிபிஐக்குப் போனது. அதிகம் பேசப்படாதது, முதல் மரணத்துக்கும் 'மெத்தனால்தான்' என்று உறுதியானதற்கும் இடையே கழிந்த நேரம். முதலில் இறந்தவர்கள் சாராயத்தால் சாகவில்லை என்றே மாவட்ட நிர்வாகம் சொன்னது. துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன.

மெத்தனால் உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்வையைப் பறிப்பது அந்த அமிலமே. அறிகுறி தெரிய 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் கண்டறிந்துவிட்டால் ஃபோமெபிசோல் மருந்தாலும் டயாலிசிஸாலும் பலரைப் பிழைக்க வைக்கலாம்.

மெத்தனாலை விரைவாகக் கண்டறிய வேண்டும் என்னும் இந்த இடத்தில்தான் நானோ அதிர்விகள் என்னும் மிக நுண்ணிய அதிரும் தண்டுகள் நினைவுக்கு வருகின்றன. மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசையை அப்பினால் சுருதி இறங்குகிறது அல்லவா? தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அதிரும் தண்டில் சில மூலக்கூறுகள் ஒட்டினாலும் அதே கதைதான். அதிர்வெண் இறங்கும், அதை அளந்தால் எடை தெரியும். 2012-இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் கார்பன் நானோகுழாயைக் கொண்டு ஒரு புரோட்டானின் எடை அளவுக்கே துல்லியம் எட்டினார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் இத்தகைய அதிர்விகள் உருவாக்கப்படுகின்றன.

ஆனால், பார்சிலோனாவின் துல்லியம் வெற்றிடத்திலும் கடுங்குளிரிலும் கிடைத்தது. சாதாரணக் காற்று அதிர்வை அடக்கிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், எடையை அறியும் தண்டுக்கு ஆளை அடையாளம் தெரியாது என்பது. மெத்தனாலின் மூலக்கூறு எடை 32, எத்தனாலுக்கு 46. வேதிக் குணத்தில் இரண்டும் நெருங்கிய உறவு. சாராயத்தில் எத்தனால் ஏராளமாக இருக்கும்போது இரண்டுமே தண்டில் ஒட்டும். ஆக, இன்றைய பெரிய பற்றாக்குறை எடை அளக்கும் துல்லியத்தில் இல்லை, பிரித்தறிவதில் இருக்கிறது.

சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2019-இல் அதற்கு எளிய வழி கண்டது. சோதிக்க வேண்டிய ஆவியை முதலில் ஒரு சிறு குழாயில் செலுத்தினார்கள். மெத்தனால் முந்தி வெளியேறும், எத்தனால் பின்தங்கும். முந்தி வந்ததை டின் ஆக்சைடு உணரி அளந்தது. மது மாதிரியிலும், மெத்தனால் சேர்த்த மூச்சுக்காற்றிலும் இரண்டே நிமிடத்தில் முடிவு கிடைத்தது. அதிர்வி ஆராய்ச்சி தொடரட்டும். கள்ளக்குறிச்சி அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தக் கருவியைப் போலீஸ் கையில் மட்டும் கொடுத்தால் பயன் குறைவு. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் போலீஸாரின் சாராய ஊறல் அழிப்பு ஆண்டாண்டாக நடக்கிறது. ஆனால், கூட்டமாக உயிர்களைப் பறிக்கும் மெத்தனால் மலை ஊறலில் விளைவதல்ல. தொழிற்சாலைப் பயன்பாட்டிலிருந்து திசைதிருப்பிக் கொண்டுவந்து கலக்கப்படுவது. 2023-இல் மரக்காணத்தில் உயிர்களைப் பறித்ததும் மெத்தனால்தான். அங்கே மலையே இல்லை.

எனவே கருவி முதலில் இருக்க வேண்டியது அரசு மருத்துவமனை அவசரப் பிரிவிலும், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும். வயிற்றுவலி, வாந்தி, பார்வை மங்கல் என்று வருகிறவரின் மூச்சைச் சோதித்து, மெத்தனால் தெரிந்த கணமே ஊருக்கு எச்சரிக்கை போக வேண்டும். கையடக்கமாக, பேட்டரியில் இயங்குவதாக, ஐந்து நிமிடத்துக்குள் முடிவு தருவதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனைகளை எழுதி, நம் பொறியியல் ஆய்வகங்களிடம் அரசே கேட்கலாம். சாராய வியாபாரியைப் பிடிக்கும் வேலையை எந்தக் கருவியும் செய்யாது; அது அரசின் வேலை. ஆனால், சாவுக்கு என்ன காரணம் என்பதில் அதிகாரியின் ஊகத்துக்கு இடமில்லாமல் செய்யக் கருவியால் முடியும்.