சுடுபவனுக்கும் கால் வேண்டும்

துப்பாக்கி சுடுதல் என்றதும் நம்மவர்க்கு இரு காட்சிகளே நினைவில் எழுகின்றன. ஒன்று, மூச்சடக்கிச் சிலைபோல் நிற்கும் ஒலிம்பிக் வீரர். மற்றையது, 2009 வரை இந்நாடு கண்ட யுத்தம். பின்னையதன் வடு ஆறாத குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இரத்மலானையிலும் ஏராளம். அவர்கள் இவ்விளையாட்டை ஐயத்துடன் நோக்குவதில் வியப்பில்லை. ஆயினும், அறிந்தபின் ஐயுறுவதே முறையன்றோ?

2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டின் தெஹானி எகொடவெல பங்கேற்ற 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி அசையாமையின் கலை. அதற்கு நேர்மாறானது, 1976 இல் அமெரிக்காவின் கொலம்பியா நகரில் உருவான ஐ.பி.எஸ்.சி. என்னும் அமைப்பு நடத்தும் செயன்முறைச் சுடுதல். இதில் வீரர் ஓடுவார், திரும்புவார், தடுப்புகளுக்கு இடையே இலக்குகளைத் தேடுவார்.

பெற்ற புள்ளிகளைச் செலவான செக்கன்களால் வகுப்பதே இதன் கணக்கு. 60 புள்ளிகளை 20 செக்கன்களில் ஈட்டினால் மதிப்பு 3. நான்கு புள்ளிகளை இழந்து இரண்டு செக்கன்களை மிச்சப்படுத்தினால் 56 ஐ 18 ஆல் வகுக்க, 3.11. ஆனால் ஐந்து புள்ளிக்குரிய ஓர் இலக்கைத் தவறவிட்டால் அந்த ஐந்தும் போய், தண்டமாகப் பத்தும் கழியும். 45 ஐ 18 ஆல் வகுக்கக் கிடைப்பது வெறும் 2.5. விரைவுக்கு மதிப்புண்டு, பதற்றத்துக்கு இல்லை.

அந்த இரண்டு செக்கன்கள் எங்கே கிடைக்கும்? விரலை விரைந்து இயக்குவதால் கிடைப்பது சொற்பமே. காலில்தான் இருக்கிறது மிச்சம். முழங்காலைச் சற்று மடித்து இடுப்பைத் தாழ்த்தி நிற்பவர், நிமிர்ந்து நிற்பவரைவிட முந்திப் புறப்படுவார். கடைசி இலக்கைச் சுடும்போதே உடற்பாரத்தை அடுத்த திசைக்கு மாற்றத் தொடங்கலாம். மகசின் மாற்றுவதை நின்று செய்யாது ஓடும்போதே முடிக்கலாம். புதிய இடத்தை நெருங்குகையில் அடிகளைக் குறுக்கி, துப்பாக்கியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தியபடி சேர்ந்தால், கால் ஊன்றும் கணத்திலேயே குறி ஆயத்தமாயிருக்கும். பந்தை நோக்கிச் செல்லும் பூப்பந்தாட்டக்காரரின் கால்களைக் கவனித்தோர்க்கு இது எளிதில் விளங்கும்.

இங்கேதான் என் கருத்து. இப்பயிற்சிக்குச் சன்னம் வேண்டாம், துப்பாக்கியே வேண்டாம். சுண்ணாம்பால் நிலத்தில் இரு கட்டங்களை வரைந்து, ஒரு நிறுத்தற் கடிகாரத்தை வைத்துக்கொண்டால் போதும். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இன்றிச் சுடுகலன் வைத்திருக்க முடியாத நாட்டில், இளையோரிடம் முதலிற் கையளிக்கப்பட வேண்டியது கால்களின் ஒழுக்கமே. அதைக் கற்காதவரின் கையில் ஆயுதத்தைக் கொடுத்து ஓடவிடுவது திறமையன்று, ஆபத்து.

‘ஓடிச் சுடுவது யுத்த ஒத்திகை அல்லவா?’ என்று கேட்போர் உளர். நியாயமான கேள்விதான். ஆனால், நகரும்போது விரல் விசைக் காப்புக்குள் இருந்தாலோ, குழல்வாய் பாதுகாப்புக் கோணத்தைக் கடந்தாலோ, எத்தனை புள்ளி பெற்றவரும் அக்கணமே போட்டியிலிருந்து நீக்கப்படுவார். தலைப்பகுதியற்ற, எண்கோணம் போன்ற இலக்கும் இவ்விளையாட்டில் உண்டு. யுத்தத்தில் இத்தகைய நடுவர் இல்லை.

முப்படையினரை மட்டும் நம்பியிராமல், எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரே கோட்டில் நின்று கற்கும் விளையாட்டாக இது வளருமாயின், துப்பாக்கியை அஞ்சிய தலைமுறையின் பிள்ளைகள் அதைக் கட்டுக்குள் வைக்கப் பழகுவர். அதற்கு முதற்படி காலடியிலேயே இருக்கிறது.