தையில் சும்மா இருந்துவிட்டு சித்திரையில் ஹெலிகாப்டரா?

கோடையில் சாயங்கால நேரம் சிறுவாணி ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். மேற்கே மலை மேல் சிவப்பாக ஒரு கோடு. "சீரியல் லைட் போட்ட மாதிரி இருக்குதுங்க" என்பார் ஒருவர். பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்ப்பார். அடுத்த ஸ்டாப் வந்ததும் மறந்து போகும்.

2023 ஏப்ரலில் அப்படி மறக்க முடியவில்லை. ஆலாந்துறை பக்கம், மதுக்கரை வனச்சரகத்து மலையில் பிடித்த தீ பல நாள் எரிந்தது. சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் கிளம்பியது. மலம்புழா அணையில் ராட்சதப் பையில் தண்ணீர் மொண்டு வந்து கொட்டியது. ஊரே அண்ணாந்து பார்த்தது! 2024 மார்ச்சில் குன்னூரிலும் இதே காட்சி. அங்கே கொட்டிய தண்ணீர் சுமார் 16,000 லிட்டர். வீதிக்கு வருகிற 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ரெண்டு நடை கூட ஆகவில்லை.

ஹெலிகாப்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆள் ஏற முடியாத பாறைச் சரிவில் வேறு வழி கிடையாது. ஆனால் அது கடைசி வைத்தியம். முதல் வைத்தியம் தை மாதத்தில் நடக்க வேண்டும்.

நம் பக்கத்து மலைச்சரிவு வறண்ட காடு. கேரளத்துப் பக்கம் கொட்டித் தீர்க்கிற மழை இங்கே பாதி கூட வராது. பொங்கல் முடிந்ததும் மரங்கள் இலை உதிர்க்கும், புல் காயும், உண்ணிச்செடி விறகாகி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்த வருஷம் என்றால் எல்லாமே முன்கூட்டி. அப்புறம் ஒரு பீடித் துண்டு போதும்.

மூங்கில் உரசித்தான் தீப்பிடிக்கிறது என்று டீக்கடையில் சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. அதெல்லாம் கதை. நம் காட்டுத் தீயில் பெரும்பகுதி மனிதன் வைத்ததுதான். புதுப்புல் முளைக்கட்டும் என்று கொளுத்துகிறவர், தோட்டத்து வேலியோரக் குப்பைக்குத் தீ வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர், பாட்டிலோடு அடிவாரம் போய் சிகரெட்டை வீசுகிறவர். யானையிடம் தீப்பெட்டி கிடையாது! 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கினார்கள். 23 பேர் பலி. அந்தக் கூட்டத்தில் ஈரோடு, திருப்பூர் ஆட்களும் உண்டு.

சரி, தையில் என்ன செய்ய வேண்டும்? தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும். காட்டுக்குள் நீளமாகப் புல்லையும் சருகையும் செதுக்கித் தரையை வெறுமையாக்குவதுதான் அது. பரவி வருகிற தீ அங்கே தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றுவிடும். சத்தியமங்கலத்தை அடுத்த பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் அந்தக் காலத்தில் இன்னொரு வழி வைத்திருந்தார்கள். வருஷ ஆரம்பத்திலேயே சருகில் சின்னத் தீயாக வைத்து முடித்துவிடுவார்கள். பெருந்தீக்கு இரை மிஞ்சாது. அதைத் தடை செய்த பிறகுதான் உண்ணிச்செடி பெருகியது என்பது அவர்கள் கட்சி. நாளைக்கே இங்கேயும் கொளுத்துங்கள் என்று சொல்லவில்லை. காட்டோடு வாழ்கிறவனை ஒரு வார்த்தை கேட்டுச் செய்யலாமே!

இப்போது செயற்கைக்கோள் தீயைக் கண்டு செல்போனுக்கே தகவல் அனுப்புகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் செல்போன் தீயை அணைக்காது. பச்சைத் தழையை ஒடித்து, புகையில் நின்று அடித்து அணைக்கிறவர்கள் மலைக் கிராமத்து ஆட்கள். சீசனுக்கு மட்டும் எடுக்கிற தற்காலிக வேலை. அவர்களைத் தீ பிடித்த பிறகு தேடக் கூடாது. தை பிறந்ததும் வேலைக்கு எடுக்க வேண்டும். கூலியை வாரா வாரம் கையில் கொடுக்க வேண்டும். காலுக்கு ஒரு பூட்ஸாவது வாங்கித் தர வேண்டும். ஹெலிகாப்டர் செலவோடு பார்த்தால் இது சில்லரைக் காசு.

"மலை எரிந்தால் டவுனில் இருக்கிற நமக்கென்ன?" என்று கேட்கிறவர்கள் குழாயைத் திறந்து பார்க்கட்டும். சிறுவாணி, நொய்யல் இரண்டும் இந்த மலைக்காட்டுத் தண்ணீர்தான். சருகும் வேரும் உள்ள மண் மழையைக் குடித்து வைத்து மெதுவாக விடும். எரிந்த சரிவில் மழை பெய்தால் மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடும்.

வெள்ளியங்கிரி ஏறுகிற பக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. பிப்ரவரி முதல் மே வரை மலையேறும் காலம். சரியாகத் தீ சீசனும் அதுதான். பூண்டி அடிவாரத்தில் பையைச் சோதித்தால் முகம் சுளிக்காதீர்கள். ஏழு மலை ஏறத் தீப்பெட்டி எதுக்குங்க?