கச்சான் காற்றின் மணமும் தராசின் கணக்கும்

ஆடி பிறந்துவிட்டால் பசறை, மடுல்சீமை, நமுனுகுல மலைகளில் கச்சான் காற்றுதான். தென்மேல் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளிலேயே கொட்டிவிட்டு, வெறும் வறட்சியாக ஊவாவுக்குள் இறங்குகிறது. மண் காய்கிறது, உதடு வெடிக்கிறது, கொழுந்து சிறுத்துவிடுகிறது.

உலகம் "ஊவா டீ" என்று கொண்டாடும் மணம் இந்த வாட்டத்தில்தான் பிறக்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் அதன் காலம். டிம்புள்ள பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை எப்படியோ, நமக்கு இது அப்படி. அந்த மணத்தில் மெத்தில் சாலிசிலேட் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. இரவில் முழங்காலுக்குத் தேய்க்கிறோமே, அந்த வலித்தைலங்களில் மணப்பதும் அதுதான்.

மணம் ஏறும் மாதங்களில் எடை இறங்குகிறது. ஆனால் 18 கிலோ, 20 கிலோ என்று மழைக்காலத்தில் கேட்கும் அதே அளவைத்தான் ஆடியிலும் கேட்கிறார்கள். குறைந்தால் அரைப்பேர். கொழும்பு ஏலத்தில் நல்ல ஊவாத் தேயிலைக்கு விலை உயரும் அதே மாதங்களில், அதைப் பறித்தவளின் பேர் பாதியாவது என்ன நியாயம்?

செடியிலும் வித்தியாசம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை மலையில் சீனச் சாதியும் அசாம் சாதியும் கலந்து நிற்கும்; ஒரு செடி போல இன்னொன்று இராது. தலவாக்கலை ஆராய்ச்சி நிலையம் தந்த 2025 போன்ற வீ.பி. செடிகள் வெட்டுத்தண்டிலிருந்து வளர்ந்தவை. ஒரே மாதிரி, நிறையக் கொழுந்து விடுபவை. இன்று எந்த மலை என்பதைப் பெரட்டில் நாமா முடிவு செய்கிறோம்? வீ.பி. மலைக்குப் போனவளுக்கும் செங்குத்தான விதை மலைக்குப் போனவளுக்கும் ஒரே கிலோ!

தரம் கெட்டால் மட்டும் நம் விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு இலையும் ஒரு அரும்பும் பறிக்க நமக்குத் தெரியாதா? ஏழு நாளில் வரவேண்டிய சுற்று ஆளில்லாமல் இரண்டு வாரமானால் இலை முற்றத்தான் செய்யும். லொறி வரும்வரை சாக்குக்குள் அமுங்கிக் கிடந்தால் கொழுந்து சூடேறிச் சிவக்கத்தான் செய்யும். இதற்கெல்லாம் தராசடியில் நம் கிலோவை வெட்டுவதை ஏற்க முடியாது.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாயானபோது, கூடிய சம்பளத்தோடு கிலோவையும் கூட்டிய தோட்டங்கள் பல. ஒவ்வொரு சம்பளப் பேச்சிலும் ரூபாயைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, கிலோவைத் துரைமாரின் விருப்பத்துக்கு விட்டதில் தொழிற்சங்கங்களான எங்களுக்கும் பங்குண்டு. அதை மறைக்கவில்லை.

இனிக் கேட்க வேண்டியது இது: ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாவுக்குத் தனி அளவு வேண்டும். அதை மலைக்கு மலை, கொழுந்தின் வரத்தைப் பார்த்து வாராவாரம் தோட்டத் தலைவர், தலைவியும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்த அளவு காலைப் பெரட்டிலேயே சொல்லப்பட வேண்டும், மாலைத் தராசில் அல்ல.