சுங்கை பாக்காப்புக்கும் ஒரு வலி வகுப்பு வேண்டும்

"எக்ஸ்ரேயில் ஒன்றுமே இல்லையாம்." மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் சொல்லப்படும் இந்த வாக்கியத்தில் பாதி நிம்மதி, பாதி சந்தேகம். படத்தில் ஒன்றும் இல்லையென்றால் அப்புறம் எதற்கு இந்த முனகல்? யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மகன் கைப்பேசியைப் பார்க்கிறான், மருமகள் சமையலறைக்குள் போகிறாள். சில மாதங்கள் கழித்து வலிப்பவருக்கே தன்மேல் ஐயம் வந்துவிடுகிறது. நமக்கு உண்மையிலேயே வலிக்கிறதா, இல்லை சோம்பலா?

எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும் எலும்பையும் தட்டையும் காட்டும், வலியைக் காட்டாது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரைப் படம் பிடித்த ஆய்வுகளை 2015-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்புத் தட்டு தேய்ந்திருந்தது. ஆனாலும் அவர்களுக்கு வலி இல்லை. படம் சுத்தமாக இருந்தும் இரவெல்லாம் தூங்காமல் தவிப்பவர்களும் உண்டு. மூன்று மாதம் தாண்டியும் நீடித்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் அபாயச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். கோயில் ஒலிபெருக்கியை யாரோ கூட்டிவிட்டுப் போனதுபோல, சின்னத் தொடுகையும் பெரிதாகக் கேட்கும். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், நாள்பட்ட வலியைத் தனி நோயாகவே பதிவு செய்திருக்கிறது.

இதைச் சுங்கை பாக்காப்பிலிருந்து பேசுவதற்குக் காரணம் இருக்கிறது.

பினாங்கு மாநிலத்தில் இந்த ஊர் அமைந்த தென் செபராங் பிறையின் தமிழர் வரலாறு உடம்பை வைத்துப் பிழைத்தவர்களின் வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். பிறகு ரப்பர், அதற்குப் பிறகு செம்பனை. பால்மரம் சீவியவர்கள் விடியுமுன் பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, பால் வாளிகளைக் காண்டா கம்பில் தோளில் சுமந்து நடந்தவர்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவரோ நாளெல்லாம் கழுத்தை அண்ணாந்து, நீண்ட கம்பின் நுனியில் இருக்கும் அரிவாளை இழுப்பவர். ஒரு குலை 20 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். 2014-இல் பினாங்கின் இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பிறகு பத்து காவான் தொழிற்பேட்டை வளர்ந்தது. பேத்திகள் அங்கே 12 மணி நேர ஷிப்டில் வேலை செய்கிறார்கள். வேலை மாறியது; இடுப்பும் முட்டியும் ஓய்வு பெறவில்லை.

2006-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, மலேசிய முதியோரில் 15.2 விழுக்காட்டினர் நாள்பட்ட வலியோடு வாழ்வதாகக் கண்டது. யாரிடம் அது அதிகம் என்று பிரித்துப் பார்த்தபோது வந்த விடைகள்: பெண்கள், இந்தியர்கள், துணையை இழந்தவர்கள், கிராமப்புறத்தார், குறைவாகப் படித்தவர்கள். இந்த ஐந்தையும் ஓர் ஆளில் சேர்த்துப் பாருங்கள். பழைய தோட்டத்து லயத்திலிருந்து வந்து இன்று மகன் வீட்டுப் பின்னறையில் படுத்திருக்கும் பாட்டியின் முகம் தெரியும்.

அந்தப் பாட்டிக்குக் கோடாலித் தைலம் தெரியும், டைகர் பாம் தெரியும். அவை தேய்த்த நேரத்துக்கு இதமாக இருக்கும், கெடுதல் இல்லை. பொன்ஸ்டான் போன்ற வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவது வேறு விஷயம். இந்நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் இன்னும் அதிகம். நீரிழிவால் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தை இந்த மாத்திரைகள் மேலும் கெடுக்கும். பாசார் மாலாமில் மூட்டுவலிக்கென்று விற்கும் பெயர் தெரியாத பொட்டலங்கள் அதைவிட மோசம். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து எச்சரித்து வருகிறது. "சாப்பிட்ட மறுநாளே ஓடியாடினேன்" என்று பக்கத்து வீட்டுக்காரர் புகழ்வது பெரும்பாலும் அந்த ஸ்டீராய்டைத்தான்.

இப்போது இன்னொரு மருந்தும் விற்பனைக்கு வந்திருக்கிறது: "உன்னை நீ நேசி." வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படத்தோடு வருகிறது. கடைசியாகச் சாப்பிட்டு, கடைசியாகத் தூங்கி, முதலில் எழுந்தே பழகிய ஒரு பெண்ணுக்கு அந்த வரி என்ன சொல்லும்? நேசிக்க முடியாததும் தன் குற்றமே என்று இன்னொரு சுமையாகத்தான் அதை ஏற்றிக்கொள்வாள்.

ஆனால் அந்த யோசனையை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 43 பேரை வைத்து ஒரு சிறு சோதனை நடந்தது. முடிவு 2005-இல் வெளியானது. எட்டு வாரம் அவர்கள் பழகியது அன்புத் தியானம்: தன்மீதும் பிறர்மீதும் மனமார நல்லெண்ணம் கொள்வது. வலி குறைந்தது, கோபமும் குறைந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. சின்ன ஆய்வுதான், இதை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. என்றாலும் கோபமும் குறைந்ததாக வந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். நீண்ட நாள் வலியில் இருப்பவர் முதலில் கோபித்துக்கொள்வது தன் உடம்போடுதான்.

வலியோடு வாழ்பவருக்குச் சுயநேசம் என்பது பெரும்பாலும் மிகச் சாதாரணமான கணக்கு. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு நாள் வலி குறைவாக இருக்கிறது. உடனே திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றித் துவைத்து, அலமாரியை நகர்த்தித் துடைத்து, முறுக்கும் சுட்டு முடிக்கிறார். அடுத்த மூன்று நாள் படுக்கை. படுத்திருந்த குற்ற உணர்ச்சியில் நாலாவது நாள் மறுபடி அதே வேகம். வலி மருத்துவர்கள் எல்லா ஊரிலும் கண்ட சுழற்சி இது. இதை உடைக்க அவர்கள் கற்றுத்தருவது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். வலி வந்ததும் நிறுத்தாதே, கடிகாரம் சொன்னதும் நிறுத்து. இருபது நிமிடம் துணி மடித்தால் உட்கார்ந்துவிடு, இன்னும் முடிகிறது என்று தோன்றினாலும். மோசமான நாளிலும் ஐந்து நிமிடமாவது நட. மீதித் துணியை யார் மடிப்பது? இங்கேதான் சுயநேசம் தனியொருவர் விஷயமாக இருப்பது நின்றுபோகிறது. மகனும் கணவரும் அந்தக் கூடையை எடுக்காத வீட்டில் எந்தத் தியானமும் எடுபடாது.

இந்தக் கணக்கை மலேசியாவிலேயே பாடமாக நடத்திக் காட்டியிருக்கிறார்கள். சிலாங்கூரில் உள்ள செலாயாங் மருத்துவமனையில் டாக்டர் மேரி சுமா கார்டோசாவும் அவருடைய குழுவினரும் 'மெனாங்' என்ற இரண்டு வாரப் பயிற்சியைத் தொடங்கினார்கள். சிட்னியின் ராயல் நார்த் ஷோர் மருத்துவமனையில் நடந்த பயிற்சிதான் அதற்கு முன்மாதிரி. வலி உள்ளவர்கள் குழுவாக உட்கார்ந்து, மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் உளவியலாளரும் வழிகாட்ட, உடம்பை மெல்ல மெல்ல அசைக்கவும் வேலையைப் பங்குபோடவும் பயத்தைக் கையாளவும் பழகுகிறார்கள். ஓராண்டு கழித்து அவர்களைத் திரும்பப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. வலி மாயமாகவில்லை, ஆனால் வலியால் முடங்குவது குறைந்திருந்தது, அந்தப் பலனும் நீடித்திருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் இடுப்புவலிக்கென்று வெளியிட்ட வழிகாட்டியும் இதே பக்கம்தான் நிற்கிறது: விளக்கிச் சொல்லுதல், உடற்பயிற்சி, உளவியல் பயிற்சி வேண்டும், இடுப்புப் பட்டையை வழக்கமாகக் கட்ட வேண்டாம். எத்தனை வீட்டில் அந்தப் பட்டை கொடியில் தொங்குகிறது!

நம்மவர்களுக்கு வலி அந்நியமானதும் இல்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு அலகு குத்திக் காவடி எடுத்துப் போகிறவரைச் சுற்றி உறவு முழுதும் நடக்கிறது. ஒருவர் தண்ணீர் தருகிறார், ஒருவர் வழி விலக்குகிறார், உறுமி அடங்குவதே இல்லை. மொரீஷியஸ் தமிழரின் காவடித் திருவிழாவை ஆராய்ந்து டிமிட்ரிஸ் ஜிகலாட்டாஸ் குழுவினர் 2019-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு செய்தி உண்டு. நாள்பட்ட நோய் உள்ளவர்களே கூடுதலாக அலகு குத்திக்கொண்டார்கள். அதிக வேதனை ஏற்றவர்களின் மனநலமே அதிகம் தேறியது. தேறியதற்குப் பக்தியா, கூட்டமா, எது எவ்வளவு காரணம் என்று பிரிப்பது கடினம். ஆனால் அந்த வலியை அங்கே யாரும் சந்தேகிப்பதில்லை. அதே உறவினர்கள் சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அத்தையின் முட்டிவலியைச் சாக்கு என்கிறார்கள். இது நியாயமில்லை.

முன்வினை என்று வாயை அடைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் திருநாவுக்கரசரின் சூலை நோயைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். பெரியபுராணத்தை இன்னும் இரண்டு பக்கம் புரட்டினால், வயிற்று வலி தாங்காமல் அவர் தேடிப் போனது அக்கா திலகவதியாரை என்பது தெரியும். வலியை அவர் மறைத்து வைக்கவில்லை. அதைச் சொல்லித்தான் முதல் பதிகத்தையே பாடினார்.

மலேசிய அரசு மருத்துவமனைகளில் காய்ச்சல், ரத்த அழுத்தத்தோடு வலியையும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பது 2008-இலேயே வந்த நடைமுறை. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்பார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள்; தாங்கிக்கொள்வதுதானே கௌரவம். எண்ணோடு சேர்த்து, எதைச் செய்ய முடியவில்லை என்பதையும் சொல்லச் சொல்லுங்கள்: "மாடிப்படி ஏற முடியவில்லை, இரவு இரண்டு முறை எழுகிறேன், காலில் நெருப்பாக எரிகிறது." கடைசியாகச் சொன்னது நீரிழிவு நரம்பைத் தாக்கியதாகவும் இருக்கலாம், அதற்கு மாத்திரையே வேறு.

சுங்கை பாக்காப்பிலிருந்து செலாயாங் 300 கிலோமீட்டருக்கு அப்பால். முட்டி மடங்காத ஒருவர் இரண்டு வாரப் பயிற்சிக்கு அங்கே போய்த் தங்குவது நடக்காத காரியம். இந்த ஊரிலேயே ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது. பதிவுக்கு ஒரு ரிங்கிட். வாரத்தில் ஒரு பிற்பகல், ஓர் அறை, ஓர் இயன்முறை மருத்துவர், தமிழில் பேசத் தெரிந்த ஒரு தாதி. மெனாங்கின் சுருக்கமான வடிவத்தை மலாயிலும் தமிழிலும் நடத்த இவ்வளவு போதும். கோயில் மண்டபத்திலும் நடத்தலாம்.

2024 ஜூலை இடைத்தேர்தலின்போது நாட்டின் தலைவர்கள் எல்லாம் வரிசையாக இந்தத் தொகுதிக்கு வந்து போனார்கள். தண்ணீர் பற்றியும் சாலை நெரிசல் பற்றியும் வாக்குறுதிகள் பறந்தன. அடுத்த தேர்தலுக்கு வாசலில் வந்து நிற்கப்போகிறவரிடம், அந்த இரண்டோடு இந்த வகுப்பு எப்போது தொடங்கும் என்பதையும் கேளுங்கள். கேட்கும்போது பின்னறையிலிருக்கும் பாட்டியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.